மதினி சொன்ன கெட்ட வார்த்தை

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. மதினி வந்த புதிதில் ஒரு நாள், ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அவள் மட்டும் முழங்காலிட்டபடியே இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "தீமை, என்ன?" என்று கேட்டாள். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவள் கிறிஸ்தவள் இல்லை. யாரும் அவளை முழங்காலிடச் சொல்லவும் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒன்றைச் செய்யும்போது தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று அவளாகவே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். தீமையிலிருந்து காக்கச் சொல்லி வேண்டுகிற வரி ஜெபமாலையில் திரும்பத் திரும்ப வருவதால், அந்த ஒரு சொல் மட்டும் அவள் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் ஆங்கிலத்தில் 'ஈவில்' என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மாடிக்குப் போய் அகராதியை எடுத்துவந்து பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எங்கள் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு தன் திக்கித் திணறும் ஆங்கிலத்தில், "அது இந்த வீட்டில் எங்கே இருக்கிறது? தினமும் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறீர்களே" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவர் அப்போது மதினியோடு பேசுவதில்லை என்று முடிவு எடுத்திருந்தார்.

மதினி ஜப்பான்காரி. அண்ணன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இன்ஜினியராக இருந்தான். ஆலைக்கு ஜப்பானிலிருந்து மெஷின்கள் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொண்டு வர அவனை அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தவன், அந்த மெஷின் கம்பெனியிலேயே வேலை கிடைத்து மறுபடியும் போனான். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவள்தான் மதினி. கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், இந்தப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் மெஷின் பழுதுபார்க்கும் பொறுப்பைக் கம்பெனி அவனிடம் கொடுத்தது. இரண்டு பேரும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் மாதத்தில் பாதி நாள் கோயம்புத்தூர், ராஜபாளையம் என்று சுற்றிக்கொண்டிருப்பான். மதினி எங்களோடு இருந்தாள்.

அப்பாவுக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட். சர்க்கரை வியாதி வந்த பிறகு காலையில் மட்டும் கடைக்குப் போய்விட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மதினியைத் திட்டியதே இல்லை. கோபமாகப் பார்த்ததுகூட இல்லை. அவள் அந்த அறையில் இல்லாதது போல நடந்துகொள்வார், அவ்வளவுதான். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மாவிடம், "அந்தப் பிள்ளைய ஃபேனை அமத்தச் சொல்லு" என்பார். அவள் சோறு வைத்தால் கையைத் தட்டில் வைக்காமல் காத்திருப்பார். அம்மா வந்து இன்னொரு கரண்டி போட்ட பிறகுதான் பிசைவார். மதினி இதையெல்லாம் கவனிக்காதவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் தெளிவாக, கொஞ்சம் பாட்டு மாதிரி இழுத்து, "மாமா, சாப்பாடு" என்று கூப்பிடுவாள். பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிடுவாள்.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானும் அவளும் சமையல்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவோம். அந்தத் 'தீமை' அவளை விடவில்லை. அகராதியில் அதற்கு 'அக்கு' என்று போட்டிருக்கிறது, அது புத்தகத்தில் வருகிற சொல், குழந்தைகளுக்கான டெலிவிஷன் கதையில் முகமூடிக்காரன் வந்தால் சொல்வார்கள், என் வாழ்க்கையில் வீட்டுக்குள் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை என்றாள். "பின்னே கெட்டதுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். 'வருயி' என்றாள். அந்த வருயி எதற்கெல்லாம் வரும் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேடிக்கையாக இருந்தது. வானிலை வருயி. வயிறு வருயி. மெஷின் வருயி. படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தலை வருயி. அதிர்ஷ்டம் வருயி. வெடுக்கென்று பேசுகிறவர்களை 'குச்சி வருயி' என்பார்களாம். குச்சி என்றால் அவர்கள் மொழியில் வாய். எல்லாவற்றையும்விட எனக்கு விநோதமாகப் பட்டது இன்னொன்று. யாரையாவது காக்க வைத்துவிட்டால், யார் காலையாவது மிதித்துவிட்டால், 'நான் வருயி' என்பார்களாம். தப்பு என்னுடையது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம்.

நான் ஆங்கில வாத்தியாரம்மாவாக மாறி விளக்கினேன். ஆங்கிலத்தில் அப்படிக் கலக்க முடியாது. பால் திரிந்தால் ஒரு சொல், மெஷின் நின்றால் ஒரு சொல், பிள்ளை குறும்பு செய்தால் 'பேட்'. 'ஈவில்' என்பது தனி. அது சிரித்துக்கொண்டே சொல்கிற சொல் இல்லை. மதினி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தமிழில்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். பால் கெட்டுப்போச்சு என்கிறோம். மிக்ஸி கெட்டுப்போச்சு என்கிறோம். வயிறு கெட்டுப்போச்சு, பையன் கெட்டுப்போனான், நேரம் கெட்ட நேரம். அவள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். தமிழும் ஜப்பான் மொழியும் ஒரே மாதிரி, இடையில் இருக்கிற ஆங்கிலம்தான் தனியாக நிற்கிறது என்றாள். அன்று இரவு திரிந்துபோன பாலை அம்மாவிடம் காட்டி, "அம்மா, பால் கெட்டவ" என்றாள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து வத்தலக்குண்டில் ஒரு துக்கம். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அங்கேதான் இருந்தார். அத்தையின் கொழுந்தனார் இறந்துவிட்டார். அப்பா முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டதால் அம்மா மட்டும் அடக்கத்துக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில். அண்ணன் வெளியூரில். வீட்டில் அப்பாவும் மதினியும் மட்டும். "ஒரு மணிக்கு மாமாவுக்குச் சோறு வச்சிரு. வெஞ்சனம் மூடி வச்சிருக்கேன்" என்று அம்மா கையால் காட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். மதினி தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, "மாமா, சாப்பாடு" என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. செத்த நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அதற்கும் அசைவில்லை. தான் பக்கத்தில் நிற்பதுதான் அவருக்குச் சங்கடம் போலிருக்கிறது, நாம் போய்விட்டால் நிம்மதியாகச் சாப்பிடுவார் என்று நினைத்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மரியாதை என்று நினைத்துத்தான் போனாள்.

திரும்பி இறங்கி வந்தபோது சோறு அப்படியே இருந்தது. அப்பா நாற்காலியில் சரிந்து, சட்டை நனைய வியர்த்து, வாய் குழறிக்கொண்டிருந்தார். மதினி செருப்புப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் குடும்பம். மதினிக்குத் தமிழ் எதுவுமே வரவில்லை. "மாமா, மாமா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்த மாத்திரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு, சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து அப்பாவின் உதட்டில் விட்டார். பாய் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குக் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும், துக்க வீட்டிலிருந்து அப்படியே கிளம்பிவந்த சொந்தக்காரர்களும் வராந்தாவை நிறைத்துவிட்டார்கள். அத்தையும் வந்திருந்தார். மதினி சுவரோரம் வெறுங்காலோடு நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நடு வராந்தாவுக்கு வந்தாள். இடுப்பு மடிய அவர்கள் ஊர் வழக்கப்படி குனிந்தாள். குனிந்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அத்தனை நாள் கற்ற தமிழில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"நான் கெட்டவ. ரொம்பக் கெட்டவ."

ஒரு பெண் தன்னைக் கெட்டவள் என்று சொல்லிக்கொண்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை விளக்க அகராதி வேண்டியதில்லை. நான் அவசரமாக, "அத்தை, அவங்க மன்னிப்புக் கேக்குறாங்க. தப்பு என்மேலதான்னு சொல்றாங்க" என்றேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. "மன்னிப்புன்னா மன்னிச்சுக்கங்கன்னு சொல்லணும். ஒரு பொம்பள தன்னையவே கெட்டவன்னு சும்மா சொல்லிக்குவாளா? அவ வாயாலயே வந்துருச்சு பாத்தீங்கள்ல" என்றார். அம்மா மட்டும் போய், குனிந்திருந்த மதினியின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "செருப்பு எங்கம்மா?" என்று கேட்டாள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஒரு சொல் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு பக்கமாகக் கிளம்பிப் போயிற்று. மருமகள் மாமனாரைப் பட்டினி போட்டாள் என்று ஒரு பேச்சு. அது இல்லை, மாடியில் வேறு என்னவோ என்று ஒரு பேச்சு. எனக்கு வத்தலக்குண்டில் ஒரு வரன் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் ஆள் விட்டு, "அண்ணன் சம்சாரம் ஒரு மாதிரின்னு கேள்விப்பட்டோம். கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டார். பாய் வீட்டு அக்காதான் மதினியைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யார்கிட்டயும் அந்த வார்த்தைய சொல்லாதம்மா. அதுக்கு வேற அர்த்தம்" என்று சொல்லியிருக்கிறார். மதினி என்னிடம் வந்து என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தமிழ் பேசவில்லை. அம்மாவிடம் தலையாட்டுவதும் சிரிப்பதும் மட்டும். என்னிடம் ஆங்கிலம். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற அந்த இரண்டு வார்த்தையும் நின்றுபோனது. பகல் சாப்பாட்டு நேரம் வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கும்.

அண்ணன் வந்தான். கேட்டான். கத்தவில்லை. கம்பெனியில் பேசிவிட்டேன், திரும்பிப் போகிறோம் என்று மட்டும் சொன்னான். மாடியில் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அத்தைமேல். மதினியிடம், "உங்களுக்கு ஈவில்னா என்னன்னு தெரியணும்னீங்கள்ல. எங்க அத்தையைப் பாருங்க. அதுதான்" என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், "இல்லை. அத்தை அக்கு இல்லை. குச்சி வருயி, அவ்வளவுதான்" என்றாள். எனக்குக் கோபம் அதிகமானது. அப்படியானால் கெட்டவர்களே கிடையாதா உங்கள் ஊரில் என்று கேட்டேன். உண்டு, அந்தச் சொல்லால் மட்டுமே சொல்ல முடிகிற காரியங்களும் உண்டு, செய்தித்தாளில் வரும் என்றாள். மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வீட்டு ஆட்களுக்கு அந்தச் சொல்லை வெளியே எடுத்தால், பிறகு திரும்ப உள்ளே வைக்க முடியாது" என்றாள். அவள் சொன்னதை நான் அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. வாயால் வந்த கேடு மட்டும் சின்னக் கேடா என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனாலும் வகுப்பில் அந்த ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, அவள் துணி மடித்த கை ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. உடம்பு தேறட்டும் என்று அவரிடம் யாரும் எதையும் சொல்லாமல் இருந்தோம். பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ள ஆஸ்பத்திரில என்னமோ சொல்லுச்சாமே. என்ன அது?" என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். வருயி என்கிற சொல்லையும், அதில் மன்னிப்பும் பழுதும் தீமையும் எப்படி ஒன்றாகக் கிடக்கிறது என்பதையும் சொன்னேன். எனக்கு வந்த வரன் நின்றதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "சோறு எதுக்கவே இருந்துச்சு. பசிச்சுச்சு. எந்திரிச்சுப் போறதுக்கு என்ன கேடுன்னு இப்ப நினைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் வேட்டி மாற்றாமல் மாடிப்படிக்குக் கீழே நின்று, "எம்மா, கிளம்பு. வத்தலக்குண்டு போய்ட்டு வருவோம்" என்று குரல் கொடுத்தார். மதினி எட்டிப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் செருப்பை மாட்டப் போனேன். அப்பா கையைக் காட்டித் தடுத்தார். "நீ வேணாம். நாங்க பேசிக்குவோம்."

அவர்கள் போன பிறகு வீட்டில் எங்களுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அண்ணன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். பொழுது சாய்கிற நேரம் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா நேரே குளிக்கப் போய்விட்டார். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். படியில் உட்கார்ந்தாள். தமிழில் பேசினாள். தப்பும் தவறுமாக, மூச்சு விடாமல், கைகால் ஆட்டிக்கொண்டு, முழுக்க முழுக்கத் தமிழில்.

மாமா பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தாராம். செம்பட்டியில் இறங்கிப் போய் வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தாராம். அத்தை வீட்டில் நுழைந்ததும், "ரெண்டு பேருக்கும் சோறு போடு" என்றாராம். அத்தையின் வீட்டுக்காரரும் அடுத்த வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை கரண்டியோடு வந்தபோது இலையின்மேல் கையை மறித்து, "அவ வைக்கட்டும்" என்றாராம். மதினி எழுந்து வைத்தாளாம். அவர் சாப்பிட்டாராம். சாப்பிட்டு முடித்துக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு தங்கையிடம் பேசினாராம். அந்தப் பேச்சை மதினி பாடம் செய்தது போலச் சொன்னாள். விட்டுப்போனதைப் பின்னால் அத்தையே என்னிடம் சொல்லி நிரப்பினார்.

"அன்னைக்கு இந்தப் பிள்ள சோறு வச்சுட்டு ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு. நான்தான் எந்திரிக்கல. மாத்திரையப் போட்டுட்டு வீம்புக்கு உக்காந்திருந்தேன். கெட்டவன்னு யாரையாச்சும் சொல்லணும்னா என்னையச் சொல்லு. இனி எவ கேட்டாலும் எங்க அண்ணன்தான்னு சொல்லு. அவ சொன்னது அவ பாஷைல மன்னிப்பு. அதக் கேக்க வேண்டியவன் நானு."

மதினி அழவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. "வீம்புன்னா என்ன?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் பிடிவாதம் என்பதற்கு ஒன்று சொன்னேன். கர்வம் என்பதற்கு ஒன்று சொன்னேன். இரண்டும் பொருந்தவில்லை. பசித்தவன் சோற்றுக்கு எதிரே கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது என்று நடித்துக் காட்டினேன். "ஆ, இஜி" என்றாள். "எங்க ஊர்ல நிறைய. எங்க அப்பாவுக்கும் இருக்கு."

மறுநாள் அண்ணன் பெட்டிகளைத் திரும்பப் பரணில் ஏற்றினான். எனக்கு வந்த வரன் திரும்பவில்லை. சில வருடம் கழித்து உடன் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன், அதில் எனக்கு நட்டமில்லை. அத்தை மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது, தான் கொண்டுவந்த பையை அம்மாவிடம் கொடுக்காமல் நேரே போய் மதினி கையில் கொடுத்தார். அப்பா அந்தச் சொல்லைத் தன் கடைக்கே எடுத்துப் போய்விட்டார். கம்பெனியிலிருந்து வளைந்த கீல் வந்தால், "இந்த லாட்டு வருயி, திருப்பி அனுப்பு" என்பார். கடையில் இருந்த பையன்கள் அது ஏதோ ஆங்கிலம் என்றே கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். பகல் சாப்பாடு மதினிதான் வைப்பாள். அவர் உட்கார்ந்த பிறகு அவளையும் உட்காரச் சொல்வார்.

இரண்டாயிரத்து ஐந்து ஆறு வாக்கில், மதினியின் பெற்றோருக்குத் தள்ளாமை வந்தபோது, இங்கே பிறந்த மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணனும் அவளும் ஜப்பானுக்குப் போனார்கள். அப்பா சில வருடங்களில் இறந்துபோனார். மதினி அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாள். அத்தைதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைக் கூட்டிவந்தார்.

இப்போது அவளுடைய ஊர்த் தொழிற்சாலைகளுக்கு நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடுவில் நின்று பேசுவது மதினியின் வேலையாகிவிட்டது. அவள் பேசுவதைக் கேட்டு, "மேடம், நீங்க மதுரைப் பக்கமா?" என்று கேட்கிறார்களாம். போன வாரம் போனில் ஒன்று சொன்னாள். அய்யலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், குழந்தை குட்டி உள்ளவர். ஊரில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, "நான் பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டே இருந்தாராம். பயந்துபோன மேலாளர், இவர் என்ன சொல்கிறார், ஏதாவது செய்துவிட்டாரா என்று மதினியைக் கேட்டாராம். பாவிக்கு அவர்கள் மொழியில் சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் குற்றவாளி என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க மதினி?" என்று கேட்டேன்.

"அம்மாவக் கடைசியாப் பாக்க முடியலன்னு சொல்றாருன்னு சொன்னேன்" என்றாள்.

பிறகு அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, எதிரே உட்கார்ந்துகொண்டாளாம். சாப்பிட்டாரா என்று கேட்டேன். முதலில் தட்டைத் தொடவே இல்லையாம். அவள் எழுந்து போகவில்லை. உட்கார்ந்தே இருந்தாளாம்.

"சாப்ட்டாரு" என்றாள். "ரெண்டாவது தடவ அவரே கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."